விஞ்ஞானி வேலையை விட்டு அரசு வழக்கறிஞர் ஆனவர்கள் சித்தூர்ப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் | ஞாயிறு காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். கேரளத்துப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம், தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒரே மகள். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஆறு ஆண்டுகளாக உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். வயது முப்பத்தொன்று. போன வாரம் வீட்டுக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, "அப்பா, வேலையை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன். அரசு வழக்கறிஞர் ஆக வேண்டும்" என்றாள். அவள் அம்மா அன்று முதல் சரியாகப் பேசுவதில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லையில் எடுத்த பால் மாதிரி ஒன்றை அவள்தான் சோதித்தாள். கலப்படம் உறுதியானது. வழக்கு நடந்தபோது சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றுதான். மாதிரி வந்த பதினான்கு நாளில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் இருக்க, பத்தொன்பதாம் நாள் தந்திருக்கிறீர்களே, தாமதமா இல்லையா? பால் மாதிரி எடுக்கும்போதே ஃபார்மலின் விட்டுத்தான் சீல் வைக்கிறார்கள், ஐந்து நாளில் கெடாது என்று இவள் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்று தடுத்துவிட்டார்கள். தாமதம்தான் என்று ஒப்புக்கொண்டாள். அடுத்து நம் தரப்பு வக்கீல் எழுந்து அந்த ஃபார்மலினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் "மறு விசாரணை இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். வழக்கு தள்ளுபடி.

"பதில் என்னிடம் இருந்தது அப்பா, கேட்கத்தான் ஆள் இல்லை" என்றாள். நான் தடுக்கவா, அனுப்பவா? இந்த வழியில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய குமாஸ்தா | ஞாயிறு காலை 9.15

ஆசிரியர் ஐயா, சித்தூர் நீதிமன்றத்தில் மூன்று வக்கீல்களிடம் முப்பத்தெட்டு ஆண்டு குமாஸ்தாவாக இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அரசு வழக்கறிஞர் என்பது ஒரே வேலை இல்லை. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அரசுக்காக நிற்பவர் உதவி அரசு வழக்கறிஞர். கேரளத்தில் அதற்குத் தேர்வாணையம் பரீட்சை வைக்கிறது. நிரந்தர வேலை, சம்பளம், ஓய்வு எல்லாம் உண்டு. ஆனால் குற்றவியல் நீதிமன்றங்களில் சில ஆண்டு வழக்காடிய அனுபவம் கேட்பார்கள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிற்பவர் வேறு. அவரை அரசு நேரடியாக நியமிக்கிறது, குறைந்தது ஏழு ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும், பதவியும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். ஆட்சி மாறினால் ஆளும் மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் இருப்பதால் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு போதும். திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு ஆகிய நான்கு ஊர்களிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வக்கீல் தொழில் செய்ய வழக்கறிஞர் மன்ற விதி இடம் தராது, ஆகவே வேலையை விட்டாக வேண்டும். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்தைப் பற்றி முன்பெல்லாம் பயப்படுவார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வக்கீல்களுக்கான அகில இந்தியத் தேர்வு ஒன்றையும் எழுத வேண்டும்.

இதெல்லாம் காகிதத்தில் இருப்பவை. மகளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஜூனியர் காலத்தைப் பற்றி. காலை எட்டு மணிக்குச் சீனியர் வீட்டுத் திண்ணை, இரவு எட்டு மணிக்கு மறுபடியும் அதே திண்ணை. கையில் பஸ் செலவுக்கு மேல் நிற்காது. முனைவர் பட்டம் வாங்கியவர் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்தா வாங்க ஓட வேண்டும். நன்றாகப் படித்த இரண்டு பேர் இந்தக் கட்டத்தில்தான் விட்டுப் போனார்கள். அவர்களிடம் அறிவுக்குக் குறைவில்லை, ஐயா. வீட்டில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

கோவை இயற்பியல் | ஞாயிறு பகல் 12.05

என் கருத்து உங்களுக்குக் கசக்கலாம், மன்னிக்கவும். இருபத்தைந்து ஆண்டு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒருவர் முனைவர் பட்டம் வாங்க எத்தனை பேருடைய உழைப்பும் அரசின் பணமும் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு வழக்கு தோற்றதற்காக ஒரு வேதியியலாளரை இழக்க வேண்டுமா? கேள்வி கேட்கத் தெரியாதது வக்கீலின் குறை. அதற்கு வக்கீலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், விஞ்ஞானியைக் கோட்டு மாட்டச் சொல்லக் கூடாது.

சட்டம் படிக்காமலேயே நீதி சொல்லும் இருக்கை ஒன்றும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினருக்குப் பக்கத்தில் நிபுணர் உறுப்பினர் உட்காருகிறார். அவர் அறிவியலோ பொறியியலோ படித்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். சென்னையில் இருக்கும் தென் மண்டல அமர்வுக்குக் கேரள வழக்குகளும் போகின்றன. உங்கள் மகள் ஆய்வகத்திலேயே இருந்து வளர்ந்தால் ஒரு நாள் அங்கே போகலாம்.

செடிநூல் | ஞாயிறு இரவு 10.50

ஆசிரியர் ஐயா, காலையிலேயே படித்துவிட்டேன். நிதானமாக எழுத வேண்டும் என்று இரவு வரை வைத்திருந்தேன். உங்கள் மகள் போக நினைக்கும் வழியில் வந்தவள் நான். வடகரப்பதிப் பக்கம் பிறந்து, தமிழில் பள்ளி படித்து, தாவர உள்ளமைப்பியலில் ஒன்பது ஆண்டு ஆராய்ச்சி செய்தேன். முப்பத்தைந்து வயதில் சட்டக் கல்லூரிக்குப் போனேன். இப்போது செஷன்ஸ் நீதிமன்றத்தில் அரசுக்காக வழக்கு நடத்துகிறேன். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

வாளையாறு வழியாக வரும் கஞ்சா வழக்குகள்தான் எங்களிடம் அதிகம். ஒரு வழக்குக் கட்டை உங்கள் கண்முன் அவிழ்த்துக் காட்டுகிறேன்.

கஞ்சா இலையின் மேல்தோலில் கரடி நகம் போல வளைந்த மயிர்கள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்புக் கட்டி ஒன்று உண்டு. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் அந்தக் கட்டியிலிருந்து குமிழிகள் கிளம்பும். முதல் முறை பார்க்கும்போது மனம் துள்ளும். வண்ணச் சோதனையில் ஊதா நிறம் வரும். இரண்டும் சேர்ந்தால் "கஞ்சாச் செடி" என்று அறிக்கை எழுதலாம். அறிவியல் அங்கே முடிந்துவிடுகிறது.

சட்டம் அங்கே முடிவதில்லை. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூ அல்லது காய் பிடித்த நுனி. நுனி சேராமல் இலையும் விதையும் மட்டும் இருந்தால் அது கஞ்சா ஆகாது. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. வணிக அளவானால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். அந்த மயிர் இலையிலும் இருக்கும், பூவடிச் செதிலிலும் இருக்கும். அமிலச் சொட்டு செடி எது என்றுதான் சொல்லும், நுனி இருந்ததா என்று சொல்லாது. ஒரு மனிதன் பத்தாண்டு உள்ளே இருப்பதும் வெளியே வருவதும் இந்த இடைவெளியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு வழக்கில் அறிக்கையின் கடைசி வரியில் "கஞ்சா" என்று இருந்தது. எல்லோரும் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள். நான் சோதனைக் குறிப்பேட்டை வரவழைத்துப் பார்த்தேன். இலைத் துணுக்கு, விதை, தண்டு. பூவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாதிரி எடுத்தபோது கவனக் குறைவா, மூட்டையிலேயே நுனி இல்லையா என்பதைக் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வழக்கை விசாரித்த அதிகாரியிடம் இது நிற்காது என்று சொன்னேன், அவருக்குக் கோபம். நான் குறிப்பேட்டை நீதிமன்றத்தில் வைத்தேன். நம் கையில் இருப்பதில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதையும் மறைக்காமல் வைப்பது அரசு வழக்கறிஞரின் கடமை. ஆராய்ச்சியில் ஒத்துவராத அளவீட்டை மறைக்காமல் எழுதப் பழகிய கைக்கு இது புதிதல்ல. இரண்டு வேலையிலும் ஒரே ஒழுக்கம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இன்னொரு நாள். சாட்சி எங்கள் பக்கத்து விவசாயி, தமிழில் பேசுகிறார். கொட்டகையைச் சோதனை போட்டது எப்போது என்ற கேள்விக்கு "கருக்கல்ல" என்றார். மொழிபெயர்த்தவர் இரவு என்று எழுதப் போனார். சூரியன் மறைந்த பின் வாரன்ட் இல்லாமல் கட்டடத்துக்குள் சோதனை போட்டால் அதிகாரி காரணத்தை எழுதி வைத்திருக்க வேண்டும், அந்தச் சட்டத்தின் 42ஆவது பிரிவு அது. நம் ஊரில் கருக்கல் என்றால் விடியலுக்கு முன்பும் வரும், பொழுது சாயும் நேரமும் வரும். நான் எழுந்து, "மாடு கறந்த பிறகா, கறக்கும் முன்பா? வீட்டில் விளக்கு வைத்தாயிற்றா?" என்று கேட்டேன். அவர் மணியை நிமிடக் கணக்கில் சொன்னார்.

பேராசிரியர் ஐயாவுக்கு ஒன்று. வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அறிக்கையில் எழுதாமல் விட்டது எது என்று தேடும் கண், ஆய்வக மேசையில் ஆண்டுக்கணக்காக நின்று கெட்டு, திருத்தி, மறுபடி செய்தவருக்குத்தான் எளிதில் வருகிறது. இரண்டு நாள் வகுப்பில் அதை ஏற்ற முடியவில்லை, நானே முயன்று பார்த்தேன். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டம், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அதைச் செயல்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு. அறிக்கைகள் குவியப் போகின்றன. படிக்க ஆள் வேண்டாமா?

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். குமாஸ்தா அண்ணன் சொன்ன திண்ணை எனக்கும் உண்டு. மூன்று ஆண்டு என் கணவரின் சம்பளத்தில் சாப்பிட்டேன். மலையாளம் பேச வரும், எழுத வராது. முப்பத்தைந்து வயதில் மகனோடு உட்கார்ந்து எழுத்துப் பழகினேன். அதைவிட வலித்தது வேறு. பழைய நண்பர்கள் கட்டுரை வெளியிட்டார்கள் என்று கேட்கும்போதெல்லாம் என் நுண்ணோக்கி நினைவுக்கு வரும். இப்போதும் வருகிறது.

நகரிக்காரன் | திங்கள் காலை 7.30

தலைப்பில் சித்தூர் என்று பார்த்து எங்கள் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து உள்ளே வந்தேன். படித்த பிறகு போக மனம் வரவில்லை. இங்கேயும் வீட்டில் தமிழ், நீதிமன்றத்தில் தெலுங்கு.

மர அறுவை மில் வைத்திருந்தவன் நான். செம்மர வழக்கு ஒன்றில் கட்டை என்ன மரம் என்று சொல்லச் சாட்சியாக அழைத்தார்கள். கண்ணால் பார்த்தே சொல்வேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்டபோதுதான் தடுமாறினேன். செம்மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை தண்ணீரில் மூழ்கும், தண்ணீருக்கு நிறம் கொடுக்காது, சிராயைச் சாராயத்தில் போட்டால் சிவக்கும். அதன் தாயாதியான வேங்கையின் சிராயைத் தண்ணீரில் போட்டால் வெளிச்சத்தில் நீலமாக மினுங்கும். இதையெல்லாம் நாங்கள் கைப்பழக்கத்தில் அறிந்தவர்கள். கேட்டிருந்தால் அங்கேயே ஒரு டம்ளரில் காட்டியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

கூண்டில் நின்ற இரண்டு பேரும் ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்கு வந்த பையன்கள். அவர்களுக்கு நடப்பது ஒன்றும் புரியவில்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் பையன்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. மரம் தெரிந்த, மொழியும் தெரிந்த வக்கீல் ஒருவர் அரசுத் தரப்பில் இருந்தால் திருடனுக்கும் கூலிக்காரனுக்கும் வேறுபாடு பார்ப்பார் என்று நம்புகிறேன். ஆசிரியரே, பெண்ணை அனுப்புங்கள்.

பெருமாட்டி விவசாயி | திங்கள் இரவு 8.20

எங்கள் பஞ்சாயத்துக் கதையைச் சொல்லாமல் இந்த விவாதம் முழுமை பெறாது. பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை 2000ஆம் ஆண்டு வந்தது. கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகாமல் போனது, குளித்தால் உடம்பு அரித்தது. 2002 ஏப்ரலில் மயிலம்மா உட்பட ஆதிவாசிப் பெண்கள் ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003இல் சோதனையில் தெரிந்தது.

வழக்கைக் கவனியுங்கள். 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி பாசனத்துக்கு எடுக்கும் அளவுக்கு மேல் ஆலை எடுக்கக் கூடாது என்றார். ஆலை 2004 மார்ச்சில் நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதி அமர்வு, நீரியல் நிபுணர் குழு அறிக்கையை வைத்து, வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் நாளுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஒரே கிணறுதான். முதல் தீர்ப்பில் கேள்வி "தண்ணீர் யாருடையது". இரண்டாவதில் "எத்தனை லிட்டர்". கேள்வி மாறியதும் பதில் மாறிவிட்டது.

அந்தக் குழு அறிக்கையை நானும் ஒருவரை வைத்துப் படித்துப் பார்த்தேன். "வழக்கமான மழை" என்ற இரண்டு சொல்லில் எங்கள் பிழைப்பு அடங்கிக் கிடந்தது. மலை மறைவில் இருக்கும் கரிசல் காடு இது, கேரளம் முழுவதும் நனையும்போது இங்கே வெயில் அடிக்கும். வழக்கம் என்பது எத்தனை ஆண்டுச் சராசரி, எந்த மழைமானியில் அளந்தது, தொடர்ந்து இரண்டு ஆண்டு பொய்த்தால் என்ன கணக்கு என்று கேட்டுக் கேட்டுப் பிழியத் தெரிந்த ஆள் எங்களுக்கு வேண்டியிருந்தது. 2010இல் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதை வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. பணம் ஒரு ரூபாய் வரவில்லை.

ஆசிரியரே, உங்கள் கொழிஞ்சாம்பாறைக்கும் எங்கள் பெருமாட்டிக்கும் ஒரே ஆறுதான். தமிழ்நாட்டோடு போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் நமக்கு வர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீருக்காக ஆண்டுதோறும் காகிதம் போகிறது. அளவு தெரிந்தவர் அரசுக் கோப்பில் கையெழுத்திடும் இடத்தில் இருக்க வேண்டும்.

கோவை இயற்பியல் | செவ்வாய் காலை 6.10

நேற்று இரவு எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். செடிநூல் அம்மாவின் குறிப்பேட்டுக் கதை என்னை அசைத்துவிட்டது. விஞ்ஞானி வெளியேறுகிறார் என்றுதான் இதுவரை பார்த்தேன். அவர் நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு இன்னோர் அறைக்குப் போயிருக்கிறார். ஆனாலும் என் கவலை முழுவதும் போகவில்லை. அவருடைய பழைய மேசையில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நல்ல அறிக்கை எழுத ஆள் இல்லாவிட்டால் படிக்கத் தெரிந்தவர் இருந்தும் பயனில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். காப்புரிமை அலுவலகம், சென்னைக் கிளை கிண்டியில் இருக்கிறது. அங்கே ஆய்வாளர் பணிக்கு அறிவியல் பட்டம்தான் தகுதி, வேலை முழுவதும் சட்டம். காயம் ஆற்ற மஞ்சள் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையை, நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களின் சான்றோடு எதிர்த்து, 1997இல் ரத்து செய்ய வைத்தது நினைவிருக்கும். பாட்டி தடவிய மஞ்சளுக்கு ஆதாரம் திரட்டுவதற்கு வேதியியலும் சட்டமும் சேர்ந்தே தேவைப்பட்டன. மாதச் சம்பளத்தோடு சட்டத்துக்குள் கால் வைக்க விரும்பினால் உங்கள் மகள் இதையும் யோசிக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் | செவ்வாய் இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. மகள் இன்று மாலை வந்தாள். முழு இழையையும் நானே வாசித்துக் காட்டினேன், அவள் அம்மாவும் அடுப்படியில் நின்று கேட்டாள். நகரிக்காரர் எழுதிய டம்ளரைப் பற்றி வந்தபோது மகள் நிறுத்தச் சொன்னாள், கொஞ்ச நேரம் பேசவில்லை. காப்புரிமை வேலை நல்லதுதான், ஆனால் தனக்கு அந்தக் கூண்டுக்கு எதிரே நிற்கத்தான் ஆசை என்கிறாள்.

செடிநூல் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். நாளை இவள் அரசு வழக்கறிஞர் ஆனால், தானே சோதித்த மாதிரிகளின் வழக்கு வந்தால் நடத்தலாமா? அந்தப் பால் வழக்கு மாதிரி ஒன்று.

செடிநூல் | செவ்வாய் இரவு 10.25

முடியாது, தங்கச்சி. சாட்சியாக வரக்கூடிய வழக்கில் வக்கீலாக நிற்கக் கூடாது என்பது வழக்கறிஞர் மன்றத்தின் விதி. உங்கள் கையெழுத்து உள்ள அறிக்கை எந்த வழக்கில் இருந்தாலும் நீங்கள் கூண்டுக்குத்தான் போக வேண்டும், அன்றைக்குக் கேள்வி கேட்பவர் வேறொருவர். நீங்கள் சோதித்த பாலுக்காக நீங்கள் ஒருபோதும் வாதாட முடியாது. வேறு யாரோ சோதித்த பாலுக்காகத்தான் முடியும். அதை ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு வாரம் ஆனது.

ராஜினாமாக் கடிதம் இப்போதே கொடுக்க வேண்டாம். ஐந்து நாள் விடுப்பு எடுங்கள். எங்கள் நீதிமன்றத்தில் பார்வையாளர் பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். பதினொரு மணி முதல் ஐந்து மணி வரை உட்கார்ந்து பாருங்கள். பாதி நேரம் வாய்தாதான் நடக்கும், சலிப்பாக இருக்கும். அதையும் பாருங்கள். வரும் வியாழன் ஒரு வேதியியல் ஆய்வாளர் சாட்சி சொல்ல வருகிறார், நான்தான் முதல் விசாரணை செய்கிறேன். சீல் உடைத்த நாளிலிருந்து ஆரம்பிப்பேன். சின்ன நோட்டு ஒன்று கொண்டு வாருங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வி எது என்று எழுதி வையுங்கள், மாலையில் பேசலாம்.

பழைய குமாஸ்தா | புதன் காலை 7.05

ஆசிரியர் ஐயா, அம்மணி படிக்கச் சாட்சியச் சட்டப் புத்தகம் இரண்டு என்னிடம் இருக்கிறது. பழைய பதிப்பு, பிரிவு எண்கள் இப்போது மாறிவிட்டன, ஆனால் ஓரத்தில் என் சீனியர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. வியாழன் கொண்டு வந்து தருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் | புதன் காலை 7.40

வியாழன் எட்டரை மணி பஸ்ஸில் வருகிறோம். அவள் அம்மாவும் வருகிறாளாம்.